வாடகை வருகிறது, கையில் நிற்கவில்லை

கேள்வி: கோவையில் மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாதம் 45,000 ரூபாய் வருகிறது. வங்கிக் கடனுக்கு 32,000 போகிறது. மீதி இருந்தும் வரி கட்டும்போது கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. ஏன்?

பதில்: அந்த 13,000 முழுவதும் உங்கள் லாபம் அல்ல. முதலில் வாடகைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வீட்டுச் செலவும் வாடகைப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் எது எங்கே போனதென்றே தெரியாது.

பலர் கவனிக்காத விஷயம் வருமான வரி. கட்டிய சொத்து வரியை வாடகையிலிருந்து கழித்து, மீதியில் 30 சதவீதம் கழிவு தருகிறார்கள். கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் தவணையில் உள்ள அசல் பகுதி வாடகைக் கணக்கில் செலவாகாது. கடன் பழையதாக ஆக, தவணை மாறாமலே வட்டி குறைந்து அசல் கூடும், வரியும் ஏறும். ஆண்டுதோறும் வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்கிப் பாருங்கள். ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ம் தேதிகளுக்குள் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவது. அதை ஆறாகப் பிரித்து மாதாமாதம் ஒதுக்குங்கள். பெயின்ட், மோட்டார் பழுது, வீடு காலியாக இருக்கும் மாதங்கள் ஆகியவற்றுக்கும் வாடகையில் பத்தில் ஒரு பங்கு தேவை.

அட்வான்ஸ் தொகையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அது குடியிருப்பவரின் பணம். வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள்.