மடிக்கணினி எழும்பவில்லையா? எதுவரை ஓடியது என்று பாருங்கள்

மாணவர்களே, இரவு மணி ஒன்பது. நாளை காலை வரலாற்றுப் பாடத்தின் இடுபணியை ஒப்படைக்க வேண்டும். அக்காவும் தம்பியும் நீங்களும் மாறி மாறிப் பயன்படுத்தும் பழைய மடிக்கணினியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுகிறது. பிறகு கறுப்புத் திரை. மீண்டும் அழுத்துகிறீர்கள். மீண்டும் கறுப்புத் திரைதான்.

ரந்தாவ், லிங்கி, லாபு பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் கணினிக் கடைக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் சிரம்பானுக்குத்தான் போக வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் வேலை கெடும். கடையில், "விண்டோசைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். கணினி ஓடும். ஆனால், எழுதி வைத்த இடுபணியும் தாத்தாவுடன் எடுத்த கடைசிப் படங்களும் அதற்குள் அழிந்திருக்கும்.

இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். 'ஓடவில்லை' என்பது நோயின் பெயர் அன்று. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி மட்டுமே. காய்ச்சல் என்று வருபவர்கள் எல்லாருக்கும் மருத்துவர் ஒரே மருந்தைக் கொடுப்பதில்லை. நாமும் 'ஏன் ஓடவில்லை?' என்று கேட்பதற்கு முன், 'எதுவரை ஓடியது?' என்று கேட்கப் பழகுவோம்.

கணினியின் காலைப் பெரட்டு

தோட்டத்தில் வேலை செய்த பாட்டியிடம் பெரட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடியும் முன்பே ஆட்கள் திடலில் கூடுவார்கள். வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். பிறகு மண்டோர் ஆட்களை அவரவர் நிரைக்கு அழைத்துப் போவார். அதன் பிறகுதான் பால் வெட்டு தொடங்கும்.

கணினியும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் எழும்புகிறது. செயலி வேலை செய்யும் இடம் நினைவகம். மின்சாரம் நின்றதும் நினைவகம் எல்லாவற்றையும் மறந்துவிடும். விண்டோஸ் போன்ற இயங்குதளம் வன்தட்டிலோ எஸ்.எஸ்.டி.யிலோ பத்திரமாக இருக்கிறது. அதை அங்கிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். நினைவகம்தான் காலியாக இருக்கிறதே, அந்த நிரல் எங்கிருந்து வரும்?

தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் அது இருக்கிறது. மின்சாரம் போனாலும் அந்தச் சில்லு மறக்காது. பழைய கணினிகளில் இந்த நிரலைப் பயாஸ் என்பார்கள், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. என்பார்கள். தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற பொருளுடைய 'பூட்ஸ்டிராப்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே 'பூட்' ஆகும்.

இப்போது படிகளை வரிசைப்படுத்துவோம்.

முதல் படி, மின்சாரம் வருகிறது.
இரண்டாம் படி, பயாஸ் பெரட்டு எடுக்கிறது: நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா?
மூன்றாம் படி, வன்தட்டில் உள்ள தொடக்க நிரலைத் தேடிப் பிடித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இதுதான் மண்டோர்.
நான்காம் படி, தொடக்க நிரல் இயங்குதளத்தை நினைவகத்துக்கு அழைத்து வருகிறது.

ஒரு படியில் தடை வந்தால் அடுத்த படி நடக்காது. ஆகவே, கணினி எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால், முக்கால்வாசிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

முதல் படி: விளக்கே எரியவில்லை

பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை. அப்படியானால் விண்டோசைக் குறை சொல்ல இடமே இல்லை. அது இன்னும் மேடைக்கே வரவில்லை. சுவர்ச் சுவிட்சு போட்டிருக்கிறதா? அதே துளையில் வேறொரு பொருள் வேலை செய்கிறதா? மின்னேற்றியின் கம்பி, கணினிக்குள் நுழையும் இடத்தில் தளர்ந்திருக்கிறதா? நம் நாட்டின் மூன்று முனைப் பிளக்குக்குள் ஒரு சிறு பியூஸ் உண்டு. அது எரிந்திருந்தாலும் மின்சாரம் வராது. அதை மாற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள்.

இன்னொரு எளிய முயற்சியும் உண்டு. மின்னேற்றியைக் கழற்றுங்கள். மின்கலம் வெளியே எடுக்கக்கூடியதானால் அதையும் எடுங்கள். பிறகு பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். மின்சாரத்தை மேலாளும் சில்லு குழம்பி நின்றிருந்தால், அது புதிதாகத் தொடங்கும். இப்போது மின்னேற்றியை மட்டும் செருகி முயலுங்கள். ஓடினால், அடுத்த சந்தேகம் மின்கலத்தின் மேல்தான்.

இரண்டாம் படி: விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

'கேப்ஸ் லாக்' விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? ஆம் என்றால், கணினி உள்ளுக்குள் விழித்திருக்கிறது என்று நம்பலாம். கோளாறு திரையில் இருக்கக்கூடும். எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். அல்லது அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் திரைமேல் சாய்த்து அடியுங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருந்து ஒளி தரும் விளக்குதான் போயிருக்கிறது. உங்கள் கோப்புகளுக்கு ஆபத்தில்லை.

விளக்கு மாறவில்லை, 'பீப், பீப்' என்று ஒலி வருகிறது என்றால், பெரட்டில் யாரோ வரவில்லை என்று பொருள். எத்தனை ஒலி, நீளமா குட்டையா என்று எழுதி வையுங்கள். அதன் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பல வேளைகளில் நினைவகப் பலகை தன் இடத்தில் சரியாக உட்காராததே காரணமாக இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் தொடுமுனைகளில் அழுக்கும் துருவும் படிவது உண்டு. அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவது தெரிந்தவர்களுக்குச் சில நிமிட வேலை.

மூன்றாம் படி: 'தொடங்குவதற்கு ஒன்றும் இல்லை'

சின்னம் வருகிறது; பிறகு, தொடங்கத்தக்க சாதனம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. மண்டோரைக் காணவில்லை! முதலில், பென்டிரைவ் எனும் விரலி ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி வன்தட்டை விட்டுவிட்டு அந்த விரலியில் இயங்குதளத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். விரலியைப் பிடுங்கினாலே சரியாகிவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால், கணினியைத் திறந்ததும் எஃப்2 அல்லது டெலிட் விசையைத் தட்டிப் பயாஸ் பக்கத்துக்குள் போங்கள். சில கணினிகளில் விசை வேறாக இருக்கும். அங்கே எதையும் மாற்ற வேண்டாம். வன்தட்டின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர் இருந்தால், தட்டைக் கணினி அடையாளம் காண்கிறது. பெரும்பாலும் தொடக்க நிரல்தான் கெட்டிருக்கும். பெயர் இல்லையென்றால், தட்டின் இணைப்பு தளர்ந்திருக்கும் அல்லது தட்டே கெட்டிருக்கும். இரண்டுக்கும் செலவு வேறு, வைத்தியம் வேறு. கடைக்குப் போகும்போது இந்த ஒரு தகவல் உங்கள் கையில் இருந்தால் போதும். யாரும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது.

நான்காம் படி: வட்டம் சுற்றுகிறது, பிறகு நீலத் திரை

இயங்குதளம் ஏறத் தொடங்கி, நடுவில் இடறி விழுகிறது. தொடர்ந்து சில முறை இப்படித் தோற்றால், விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் பக்கத்தைக் காட்டும். அதில் 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு முறை உண்டு. மிக அவசியமான நிரல்களை மட்டும் ஏற்றி, மற்றவற்றை வெளியே நிறுத்திவிடும் முறை அது. இந்த முறையில் கணினி ஓடினால், இயந்திரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அண்மையில் சேர்த்த ஏதோ ஒரு நிரலோ புதுப்பிப்போதான் காலை வாருகிறது. கடைசியாகச் சேர்த்ததை நீக்கிப் பாருங்கள்.

உலகமே பார்த்த நீலத் திரை

2024 ஜூலை 19. மலேசிய நேரம் நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் எனும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. விண்டோஸ் எழும்பும்போதே ஏறிவிடும் வகையைச் சேர்ந்தது அந்த மென்பொருள். ஆகவே கணினிகள் விழுந்தன, எழுந்தன, மீண்டும் அதே இடத்தில் விழுந்தன. சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. பல நாடுகளில் விமானச் சேவைகள் தடுமாறின. நம் மாநில எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் ஏர் ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள்.

பிழையான கோப்பை நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றது. ஆனால், ஏற்கெனவே விழுந்த கணினிகளில் பலவற்றுக்கு அது உதவவில்லை. எழும்பாத கணினி இணையத்தில் இருந்து திருத்தத்தை எப்படிப் பெறும்? பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், பாதுகாப்பு முறையில் திறந்து, அந்த ஒரே கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வன்தட்டை வீச வேண்டிய தேவை இருக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான்காம் படியில் நின்றது என்று தெரிந்ததால், அந்தப் படியில் மட்டும் கை வைத்தார்கள்.

இன்னொரு பாடமும் அன்று கிடைத்தது. பல கணினிகளின் தட்டுகள் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. உங்கள் வீட்டு மடிக்கணினியிலும் இந்தப் பூட்டு இருக்கலாம். கணினி நன்றாக ஓடும்போதே அந்த எண்ணைத் தேடி, ஒரு தாளில் எழ்தி வையாமல், அச்சிட்டுப் பத்திரப்படுத்துங்கள். 48 இலக்கத்தில் ஒன்று தவறினாலும் பூட்டு திறக்காது.

முதலில் கோப்பு, பிறகு கணினி

வன்தட்டில் இருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால், உடனே அணைத்துவிடுங்கள். சுழலும் தட்டின் மேல் மயிரிழை உயரத்துக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கும் படிப்பான் தடுமாறுகிறது என்று அதற்குப் பொருள். 'இன்னொரு முறை முயன்று பார்ப்போம்' என்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோப்புகள் மேலும் அழியலாம்.

அந்தச் சத்தம் இல்லாமல், விண்டோஸ் மட்டும் எழும்பவில்லை என்றால், கோப்புகளை மீட்க ஒரு வழி உண்டு. பள்ளிக் கணினிக் கூடத்தில் ஆசிரியர் உதவியோடு, 8 கிகாபைட் விரலி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த விரலியில் இருந்தே கணினியைத் தொடங்கலாம். நிறுவு என்பதைத் தொடாமல், முயன்று பார் என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். வன்தட்டில் உள்ளவை மாறாது. உங்கள் கோப்புகளைத் திறந்து, இன்னொரு விரலிக்கு நகல் எடுக்கலாம். தட்டு பூட்டப்பட்டிருந்தால் மேலே சொன்ன மீட்பு எண் வேண்டும். நகல் கைக்கு வந்த பிறகு, விண்டோசைப் புதிதாகப் போட்டாலும் கவலையில்லை.

கடைக்குத்தான் போக வேண்டுமென்றாலும், முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "அண்ணே, கோப்புகளை நகல் எடுத்த பிறகுதான் எதையும் அழிக்க வேண்டும்."

கவனம்

மின்கலம் உப்பி, விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றால், அந்தக் கணினியைப் பயன்படுத்தாதீர்கள். மின்கலத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மின்னேற்றியைப் பிரிக்காதீர்கள். தண்ணீர் கொட்டினால் 'ஓடுகிறதா' என்று போட்டுப் பார்க்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை நம் பக்கம் அதிகம். இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைக்கிறோம் அல்லவா? அதே முறைதான் இது.

செய்து பாருங்கள்

1. விசிறி ஓடுகிறது, 'கேப்ஸ் லாக்' விளக்கு எரிந்து அணைகிறது, திரை மட்டும் கறுப்பு. எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பீர்கள்?
2. பள்ளியில் அச்சிட்டுவிட்டு வந்த மாணவியின் கணினி, தொடங்கத்தக்க சாதனம் இல்லை என்கிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
3. பாதுகாப்பு முறையில் ஓடும் கணினி, வழக்கமான முறையில் விழுகிறது. வன்தட்டை மாற்றச் சொல்கிறார் நண்பர். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

விடைகள்: 1. திரை, தொலைக்காட்சியோடு இணைத்துச் சோதிக்கலாம். 2. செருகியபடியே விட்ட விரலியை. 3. பாதுகாப்பு முறையிலும் அதே வன்தட்டில் இருந்துதான் விண்டோஸ் ஏறியது. ஆகவே கடைசியாகச் சேர்த்த நிரலையோ புதுப்பிப்பையோ முதலில் நீக்கிப் பார்ப்போம்.