எவோவா, எஸ்டிஐயா?

கிள்ளானில் என் பட்டறைக்குச் சனிக்கிழமை மாலை வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "அங்கிள், எவோ நல்லதா, எஸ்டிஐ நல்லதா?" வாரநாளில் வேலைக்குப் போய்வர வேண்டும், மாதத்தில் ஒரு நாள் செப்பாங் ட்ராக்கில் ஓட்ட வேண்டும், இரண்டுக்கும் ஒரே வண்டி. நின்றபடி சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன்.

1. இவை ஏன் பிறந்தன என்று முதலில் தெரிந்துகொள், தம்பி. உலக ராலிப் போட்டியில் ஓடும் வண்டியைக் கம்பெனி கடையிலும் விற்றாக வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதிக்காகத்தான் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸும் 1992இல் வந்தன. அந்த இம்ப்ரெஸாவின் எஸ்டிஐ பதிப்பு 1994இல் வந்தது. 1995இல் காலின் மெக்ரே சுபாருவில் பட்டம் வென்றார். 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டும் டாமி மாக்கினென் அதை மிட்சுபிஷிக்குக் கொண்டுபோனார். ஒருவன் ஒன்றை மாற்றினால் மற்றவன் சும்மா இருக்கவில்லை. ஏழே ஆண்டில் எவோ ஆறு தலைமுறை கண்டது. சேற்றிலும் பனியிலும் மோதப் பிறந்த வண்டிகளை நாம் கொதிக்கும் தாரில் ஓட்டுகிறோம். இவற்றில் நாம் பார்க்கும் நல்லதும் கெட்டதும் பாதி அதனால்தான்.

2. குதிரைத்திறன் எண்ணை வைத்துச் சண்டை போடாதே. 280க்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகளுக்குள் 1989 முதல் 2004 வரை ஓர் உடன்பாடு இருந்தது. ஸ்கைலைன் ஜிடி-ஆர், சுப்ரா, என்எஸ்எக்ஸ், பிற்கால எவோ, எஸ்டிஐ எல்லாமே காகிதத்தில் 280தான். எடையைப் பார். ஆர்34 ஜிடி-ஆர் 1,500 கிலோவைத் தாண்டும். எவோ ஆறு 1,400ஐத் தொடாது. வளைவுக்கு முன்னால் பிரேக்கும் டயரும் சுமப்பது இந்த எண்ணைத்தான்.

3. இன்ஜினைத் திறந்து பார்த்தால்தான் இரண்டு வண்டியின் குணமும் புரியும். ஒன்பதாம் எவோ வரைக்கும் இருப்பது 4ஜி63. வார்ப்பிரும்புக் கட்டை, நான்கு சிலிண்டரும் வரிசையாக நிற்கும். கூடுதல் பூஸ்ட்டைத் தாங்கும் கட்டை என்று பட்டறைக்காரர்கள் அதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக் மேலேயே இருக்கும். புதிதாக வேலை பழகும் பையன்கூட மாற்றிவிடுவான்.

சுபாருவின் ஈஜே20 வேறு சாதி. அலுமினியக் கட்டை. சிலிண்டர்கள் இடம் இரண்டு, வலம் இரண்டாகப் படுத்திருக்கும். அதனால் எடை தாழ்வாக உட்கார்ந்து, வளைவில் வண்டி சாய்வது குறைகிறது. ஆனால் பிளக் மாற்றப் பக்கவாட்டில் கையை நுழைக்க வேண்டும், இடம் போதாது. நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சு குழாய் ஒரு நொடி காற்றை இழுத்தால் பேரிங் போயிற்று. ஆகவே ட்ராக்கில் ஓட்டும் சுபாருக்காரன் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

சுபாருவின் குமுறும் சத்தத்துக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் குழாய்கள் நீளத்தில் சமமில்லாததால் வரும் சத்தம் அது. பிற்கால ஜப்பானிய எஸ்டிஐகளில் ட்வின் ஸ்க்ரோல் டர்போவுக்காகக் குழாய்களைச் சமநீளமாக்கினார்கள், குமுறல் அடங்கிப்போனது. நீ சத்தத்துக்காக வாங்குவதானால் எந்த ஆண்டு வண்டி என்று பார்த்து வாங்கு.

ஒன்று இரண்டுக்கும் பொது. 4ஜி63க்கும் ஈஜே20க்கும் டைமிங் பெல்ட்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய உரிமையாளர் "மாத்தியாச்சு" என்று சொன்னால் ரசீதைக் கேள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்.

4. வளைவில் எவோ உனக்கு உதவும், எஸ்டிஐ உனக்குச் சொல்லிக்கொடுக்கும். நான்காம் எவோவில், 1996இல், ஏஒய்சி வந்தது. பின்பக்க இடது வலது சக்கரங்களுக்குள் இழுவிசையைக் கூட்டிக் குறைத்து, வண்டியின் மூக்கை வளைவுக்குள் திருப்பிவிடும். நீ கொஞ்சம் தாமதமாகத் திருப்பினாலும் அது சரிக்கட்டும். எஸ்டிஐயில் நடு டிஃபரன்ஷியலின் இறுக்கத்தை ஓட்டுநரே ஒரு சிறு சக்கரத்தை உருட்டி மாற்றிக்கொள்ளலாம். தளர்த்தினால் வண்டி எளிதாகத் திரும்பும், இறுக்கினால் முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கும். வேகத்தைச் சரியாகக் குறைக்காமல் வளைவுக்குள் போனால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போய் உன் தவறை உடனே காட்டிவிடும். நேரத்துக்கு எவோ, பாடத்துக்கு எஸ்டிஐ என்பது என் கணிப்பு. ஏஒய்சியின் பம்ப் துருப்பிடித்துச் சாகும், மாற்றும் செலவு உன் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

5. பிரேக் எண்ணெயை மாற்றாமல் செப்பாங்குக்குப் போகாதே. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். பின்பக்கத்து நேர்பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அது முடிகிற இடத்தில் பதினைந்தாம் வளைவு, கொண்டை ஊசிபோல் இடப்பக்கம் மடங்கும். முப்பத்தைந்து வயதில், நான்காவது சுற்றில், அந்த இடத்தில் என் கால் தரை வரைக்கும் போனது. பெடலில் ஒன்றுமே இல்லை. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிக் கொதிநிலை இறங்கி, குழாய்க்குள் ஆவியாகிவிட்டது. ஆவி அமுங்கும், எண்ணெய்போல் அழுத்தத்தைக் கடத்தாது. மணலில் போய் நின்றேன், உயிரோடு இருக்கிறேன். மற்றவர் வண்டிக்கெல்லாம் மாற்றிக்கொடுத்த நான் என் வண்டிக்கு இரண்டு ஆண்டாக மாற்றவில்லை. ப்ரெம்போ பிரேக் பூட்டியிருக்கிறதே என்று இருந்துவிட்டேன். உள்ளே பழைய எண்ணெய் இருந்தால் எந்தப் பிரேக்கும் பிடிக்காது.

6. ஒப்பிட வேண்டுமானால் ஒரே நாளில், ஒரே ஓட்டுநர், ஒரே ரக டயர். ஜப்பானில் 'பெஸ்ட் மோட்டாரிங்' என்ற வீடியோ இதழ், எதிராளி வண்டிகளை ஒரே நாளில் சுகுபா ட்ராக்குக்குக் கொண்டுவந்து, கெய்ச்சி சுச்சியா போன்ற பந்தய வீரர்களை உட்கார வைத்து ஓட்டிக் காட்டியது. சுகுபா இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சின்ன ட்ராக். ஒரு நொடி வித்தியாசமே அங்கே பெரிது. நம் ஊரில் காலை எட்டு மணிக்கு ஓடிய எவோவையும் நண்பகலில் ஓடிய எஸ்டிஐயையும் ஒப்பிட்டுவிட்டு வந்து வாதாடுகிறார்கள். எஸ்டிஐயின் இன்டர்கூலர் பானெட்டுக்கு அடியில் இன்ஜின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நின்றாலே அது சூடேறி, இழுவை சோர்ந்துபோகும். எவோவுக்கு அது மூக்கில், காற்றுக்கு எதிரே இருக்கிறது. ஜப்பானின் குளிர்காலத்து முடிவை அப்படியே இந்த வெயிலுக்குக் கொண்டுவர முடியாது.

7. கெந்திங் மலைச்சாலை ட்ராக் இல்லை. பேருந்தில் குடும்பங்கள் போகிற வழி அது. அங்கே நேரம் பார்க்கிறவன் வண்டியில் நான் கை வைப்பதில்லை.

8. வாங்கும்போது ஸ்டிக்கரைப் பார்க்காதே, சேஸிஸ் எண்ணைப் பார். புரோட்டான் வீரா லான்சரை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே எவோ மூன்றின் முகமும் இறக்கையும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதை ரசித்துச் செய்கிறவர்களை நான் மதிக்கிறேன், நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அதை எவோ விலைக்கு விற்பது திருட்டு. எவோ இரண்டும் மூன்றும் சிஇ9ஏ என்று தொடங்கும். ஐந்தும் ஆறும் சிபி9ஏ. ஏழு முதல் ஒன்பது வரை சிடி9ஏ. சுபாருவில் முதல் தலைமுறை ஜிசி8, அடுத்தது ஜிடிபி. இதை மனப்பாடம் செய்துகொண்டு போ.

9. இதைச் சொன்னால் முகம் வாடும், ஆனாலும் சொல்கிறேன். இதுவரை ட்ராக்கே ஓட்டாதவன் என்றால் இரண்டும் இப்போது வேண்டாம். மஸ்டா எம்எக்ஸ்-5 அல்லது 2012க்குப் பிந்தைய டொயோட்டா 86 ஒன்று பார். டர்போ இல்லை, பின்சக்கர இழுவை, எடை குறைவு. டயரும் பிரேக்கும் மலிவாக முடியும். வளைவில் என்ன நடக்கிறது என்பது உன் இடுப்புக்கே தெரியும். இரண்டு ஆண்டு அதில் பழகிவிட்டு வா. எவோவின் உற்பத்தி 2016இல் முடிந்துவிட்டது. ஈஜே20 இன்ஜினுக்கு விடைகொடுக்க 2019இல் சுபாரு வெளியிட்ட கடைசிப் பதிப்பு 555 வண்டிகள்தான். நல்ல நிலையில் இருப்பவை ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பழகாத கையில் இன்னொன்று நொறுங்குவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

10. எதை வாங்கினாலும், ட்ராக்குக்குப் போகும் முந்தைய வெள்ளிக்கிழமை மாலை வண்டியைக் கொண்டுவா. பிரேக் எண்ணெய், பேட், இன்ஜின் எண்ணெய், சக்கர நட்டு, டயர் காற்று. ஒரு மணி நேர வேலை. முதல் முறை நான் செய்கிறேன், நீ பக்கத்தில் நின்று பார். இரண்டாம் முறை ஸ்பேனர் உன் கையில் இருக்கும்.