கடற்கரையில் ஒரு குடும்ப விடுதி – சிவில் மாணவன் போடும் கணக்கு



கடற்கரை ஓட்டல் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது சினிமாவில் பார்த்ததுதான். நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர், ஏ.சி. அறை, வாசலில் சல்யூட் அடிக்கும் காவலாளி. ஆனால் கடலோரச் சுற்றுலாவுக்குப் பேர்போன கிரேக்க நாட்டுத் தீவுகளில் இன்னொரு வகை விடுதியும் உண்டு. ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும். சமையலும் அந்த வீட்டு அடுப்பில்தான், கூட்டிப் பெருக்குவதும் அந்த வீட்டு மனிதர்கள்தான்.

"இது நம்ம காரைக்காலுக்குப் பொருந்துமா?" என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருந்தும். ஆனால் தன் காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீரைப் புரிந்துகொண்ட குடும்பத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஏன் என்று கீழே பார்ப்போம்.

1. கிரேக்கத் தீவுகளில் கற்க வேண்டியது

சான்டோரினி என்பது எரிமலையால் உண்டான ஒரு தீவு. அங்கே ஆறு கிடையாது. அதனால் அந்த மக்கள் கூரையில் விழும் மழையைத் தரைக்கடியில் கட்டிய தொட்டியில் சேர்த்துத்தான் பல தலைமுறையாகக் குடித்து வந்தார்கள். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெயில் திரும்பிப் போய்விடும், வீடு குளிர்ச்சியாக இருக்கும். இன்றைக்கு கிரேக்க நாட்டில் வீட்டுக்கு வீடு மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டியைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் 'சுற்றுச்சூழல் விடுதி' என்று இப்போது பெரிய பெயர் வைத்து அழைக்கிறார்கள். உண்மையில் இது தண்ணீர் பஞ்சத்தில் பிழைத்த குடும்பங்களின் சிக்கனம். நம்ம அப்பாயிமார்கள் மழைக்கு முற்றத்தில் அண்டாவை வைத்ததும் இதே அறிவுதானே?

2. நம்ம ஊருக்கு யார் வருகிறார்கள்?

திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு சனிக்கிழமைதோறும் கூட்டம். இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி வந்தால் ஊரே தாங்காது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. தெற்கே நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும், வடக்கே 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடி. இத்தனைக்கும் நடுவில் நாம் இருக்கிறோம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்று பார்க்க வருகிறவர்களும் உண்டு.

வருகிறவர்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று: சுத்தமான படுக்கை, சுத்தமான கழிப்பறை, வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு. சிவனடியாருக்கு மாங்கனியோடு சோறு போட்ட காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் இது. உபசாரத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்குத் தெரிய வேண்டியது டெக்னிக்கல் விஷயம்தான்.

3. சட்டம் என்ன சொல்கிறது?

கடற்கரையில் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. 1991 பிப்ரவரி 19-ல் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்தக் கட்டுப்பாடு. கடலோர ஓட்டல் என்றால் இரண்டு தளத்துக்கு மேல் கூடாது, உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்று அப்போதே விதித்தார்கள்.

2019 ஜனவரி 18-ல் வந்த புதிய அறிவிக்கையில் நமக்கு முக்கியமான ஒரு வரி இருக்கிறது. ஊரகக் கடற்கரையில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், வீட்டின் பரப்பையோ அமைப்பையோ முகப்பையோ மாற்றாமல், இருக்கிற வீட்டிலேயே விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம். அதாவது, இருக்கிற வீடுதான் மூலதனம்! மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டு விடுதித் திட்டத்தில் 6 அறை, 12 படுக்கை வரைதான் அனுமதி. வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நம் வீடு எந்தப் பிரிவில் வருகிறது என்பதைக் கடற்கரை மண்டல வரைபடத்தில் பார்த்துக்கொண்டு, நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ கேட்டுத் தெளிந்த பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

4. தண்ணீர் – இதுதான் தலையாய பாடம்

கடலோர மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்று தெரியுமா நண்பர்களே? குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பது போல, உப்புத் தண்ணீரின் மேல் மழைத் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல் நீரின் அடர்த்தி சுமார் 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் நம்ம கிணறுகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

இதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்து நாட்டு கைபன் என்பவரும், 1901-ல் ஜெர்மன் நாட்டு ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு நிற்கிறதோ, அதைப் போல 40 மடங்கு ஆழத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கும்.

1.000 ÷ (1.025 – 1.000) = 40

அதாவது, மேலே 1 அடி இருந்தால் கீழே 40 அடி. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதா? இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டம் அரை அடி இறங்கினால், கீழே இருக்கிற உப்பு காலப்போக்கில் 20 அடி மேலே ஏறி வரும்! ஆழமான போர் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சினால் உப்பு கூம்பு மாதிரி எழும்பி நேராகக் குழாய்க்குள் வந்துவிடும்.

எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் வீடு கடலிலிருந்து நாலாவது தெருவில் இருக்கும் பழைய ஓட்டு வீடு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் தண்ணீர் கிணற்றுக்குள் புகுந்து உப்பாகிவிட்டது என்று அப்பா சொல்வார். அதற்கப்புறம் நாலைந்து ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து, கிணறு திரும்பவும் நல்ல தண்ணீர் ஆகிவிட்டது. ஆனால் மூணு வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் வந்த ஒரு தங்கும் விடுதியில் ஆழமாகப் போர் இறக்கினார்கள். அதிலிருந்து கோடைக்குக் கோடை எங்கள் தெருவில் அரிசி வேகாத தண்ணீர்தான். அப்பாயி சொல்லும்: "கடல் குடுத்த உப்ப மழை எடுத்துக்கிட்டுப் போச்சு. மனுஷன் குடுத்த உப்ப யாருப்பா எடுக்குறது?" அப்பாயி பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் ஹெர்ஸ்பெர்க்கின் கணக்கு அதற்குள் இருக்கிறது.

சரி, குடும்ப விடுதி நடத்தத் தண்ணீருக்கு என்ன செய்யலாம்? கணக்கைப் பார்ப்போம்.

தங்கும் விடுதிக்கு ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர் என்று ஐ.எஸ். 1172 சொல்கிறது. இரண்டு அறை, நாலு பேர் என்றால் 4 × 180 = 720 லிட்டர்.

நம்ம பக்கம் வருஷ மழை சுமார் 1300 மி.மீ. கூரைப் பரப்பு 60 சதுர மீட்டர் என்று வைத்தால் 60 × 1.3 = 78 கன மீட்டர். வீணாவதைக் கழித்து 0.8-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 62,400 லிட்டர். முழுத் தேவைக்கு இது 86 நாள்தான் தாங்கும். போதாது என்று தோன்றும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று பிரித்துவிட்டால் கதையே வேறு. வீட்டார் ஐந்து பேர், விருந்தாளி நாலு பேர், ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளைக்கு 45 லிட்டர். 2.5 மீ. நீளம், 2 மீ. அகலம், 2 மீ. ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் 10,000 லிட்டர். அது 222 நாள் வரும்! மார்கழியில் நிறைந்த தொட்டி ஆடி வரைக்கும் தாங்கும். மிச்ச மழை முழுவதையும் வடிகட்டிக் கிணற்றுக்கே விட்டுவிட வேண்டும். அதுதான் உப்பைக் கீழே தள்ளி வைக்கும்.

குளிக்க ஷவர் வேண்டாம். வாளியும் சொம்பும் போதும். ஒரு வாளியில் குளியல் முடிந்துவிடும். மோட்டாரை ஒரே மூச்சில் மணிக்கணக்கில் ஓட்டாமல், ஆழமில்லாத கிணற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

5. கழிவுநீர்

நம்ம பக்கம் மணல் மண், தண்ணீர் மட்டமும் மேலேயே இருக்கிறது. செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டினால் விருந்தாளிக்கு நாமே வயிற்றுப்போக்கைப் பரிமாறியது போல் ஆகும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி என்பது ஐ.எஸ். 2470 விதி. சிறிய மனையில் அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் அறையைக் கூட்டாதீர்கள், அவ்வளவுதான்.

குளியல், சமையல் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, ஜல்லி நிரப்பிய பாத்தியில் கல்வாழை நட்டு, அதன் வழியாக வாழை மரத்துக்கு விடலாம். விருந்தாளி சாப்பிடும் இலை அங்கேயே முளைக்கும்!

6. சுவரும் கூரையும்

"ஓட்டு வீட்டை இடிச்சிட்டு கான்கிரீட்ல கட்டுனாத்தான் ஆள் வருவாங்க" என்று பலரும் நினைக்கிறார்கள். கடல்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பெருத்து கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அதனால்தான் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்கு எம்.30 கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடலும் கேட்கிறது. உப்புத் தண்ணீரில் கலந்து, ஒரு அங்குல மூடலோடு போடுகிற தளம் பத்துப் பதினைந்து வருஷத்தில் பல்லைக் காட்டும்.

திண்ணை, முற்றம், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை கொண்ட வீடு காற்றோட்டமாக இருக்கும், ஏ.சி. கேட்காது. ஒரே பயம் புயல். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எத்தனை ஓடுகள் பறந்தன என்று நாம் பார்த்தோம். அதற்கு ஓட்டு வரிசைக்கு இடையில் சிமெண்ட் பட்டை கட்டி, கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் பழைய வீடுகளை இன்டாக் அமைப்பு பழுதுபார்த்துக் கொடுத்ததைப் போய்ப் பாருங்கள். பழைய வீடு பாழ் வீடு அல்ல என்று புரியும். அதே தரங்கம்பாடியில் கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள். கரைக்கு ரொம்பப் பக்கத்தில் புதிதாகக் கட்டக் கூடாது என்பதும் புரியும்.

7. இரவு விளக்கும் ஆமையும்

கிரேக்க நாட்டில் ஜாகின்தோஸ் என்ற தீவில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் கரையைக் காக்க 1999-ல் கடல் பூங்கா அமைத்தார்கள். நம்ம கரைக்குத் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை வந்து முட்டையிடும். பொரித்த குஞ்சு வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் ஓடும். நம்ம விளக்கு கடலைப் பார்த்து எரிந்தால் குஞ்சு ரோட்டுக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் கடல் பக்க விளக்கை அணைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

8. வரும்படியும் மரியாதையும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். என் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த 61 நாளும் எங்கள் வீட்டில் வட்டிக்கடைக்காரர் நடமாட்டம்தான் அதிகம். ஆனால் பள்ளிக் கோடை விடுமுறையின் பெரும்பகுதியும் அந்தத் தடைக்காலத்தில்தான் வருகிறது! வெளியூர்க் குடும்பங்கள் கடலைப் பார்க்க வரும் காலம். அப்பா கையில் வேலை இல்லாத நாளில் வீட்டுக்கு விருந்தாளி வருவார் என்றால், இதைவிடப் பொருத்தமான உபதொழில் ஏது?

இந்த வருஷம் எங்கள் மனையை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுத்தால் கடன் அடையும். அம்மாவுக்கு முன்அறையைச் சுத்தம் பண்ணி வாடகைக்கு விட ஆசை. அப்பா என்னிடம், "தம்பி, நம்ம வீட்ல படிச்சவன் நீ ஒருத்தன்தான். கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். மேலே எழுதியிருப்பதுதான் நான் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு. அறை இரண்டு, தொட்டி ஒன்று, உறிஞ்சுகுழி இடம் மாற வேண்டும், தெருவில் யாரும் இனி ஆழ்போர் போடக் கூடாது. கடைசியாகச் சொன்னது எங்கள் ஒரு வீட்டால் ஆகிற காரியமில்லை. தெருவே சேர வேண்டும். ஒரு வீடு உறிஞ்சினால் பத்து வீட்டுக் கிணறு உப்பாகும். மனையை விற்பதா வேண்டாமா என்பது அந்தத் தெருக் கூட்டத்தில்தான் முடிவாகும்.

9. முடிவாக

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாக டிப்ளமோ படிக்க வந்தவர்கள். தெருவுக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால் நம்மைத்தான் கேட்பார்கள். அதனால் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் லேபில் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் செய்து தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறோம். குடிநீருக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது ஐ.எஸ். 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவு. வேறு வழியே இல்லையென்றால் 1000 வரை. வருகிற ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை, அவரவர் தெருக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வருவோம். ஃபைனல் இயர் பிராஜெக்ட்டாகவே இதைச் செய்யலாம். எந்தத் தெரு விடுதி தாங்கும், எந்தத் தெரு தாங்காது என்று ஒரு வரைபடம் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருக் கூட்டத்தில் பேசினால் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பாட்டிலை நன்றாகக் கழுவி, அதே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, தெருப் பெயரும் தேதியும் ஒட்டிக் கொண்டு வாருங்கள். டைட்ரேஷனுக்கு நான் தயார்!