அம்மா விட்டுச்சென்ற விளக்கு



பெற்றோரை இழந்த வீட்டில் கருமக்கிரியைகள் முடிந்து, உறவினர் கலைந்து சென்றபின் ஒரு கேள்வி எழுகிறது. அவர்கள் புழங்கிய பொருள்களை என்ன செய்வது? துணிமணிகளைத் தானமாகக் கொடுத்துவிடுகிறோம். நகைகளைப் பங்கிட்டுக் கொள்கிறோம். ஆனால் அப்பா உருட்டிய உருத்திராக்க மாலை, அவர் ஓதிய திருமுறைப் புத்தகம், அம்மா ஏற்றிய காமாட்சி விளக்கு ஆகியவற்றைக் கையில் எடுக்கும்போது மனம் கனத்துப் போகிறது. வைத்துக்கொள்ளத் தயக்கம், கொடுத்துவிடவும் மனம் வருவதில்லை. இத்தகைய நினைவுப் பொருள் நமக்கு ஆறுதலாகவும் இறைநம்பிக்கைக்குத் துணையாகவும் அமைவது எப்படி என்பதைச் சற்றே சிந்திப்போம்.

ஒரு விளக்கின் கதை

அடியேனின் தாயார் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்பாக எழுந்து, குளித்து, லயத்து வீட்டின் மூலையில் இருந்த சிறிய பித்தளைக் காமாட்சி விளக்கை ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டுதான் புறப்படுவார். நல்லெண்ணெய் வாங்க வசதியில்லாத மாதங்களில் தேங்காய் எண்ணெய். அதுவும் குறைந்துவிட்டால் திரி நனையும் அளவுக்குச் சில சொட்டுகள். விளக்கு எரியாத நாள் இருந்ததில்லை.

அவர் காலமானபோது அந்த விளக்கு என்னிடம் வந்தது. 16-ஆம் நாள் கருமாதி முடிந்து, பூசை அறையைத் திறந்து சுத்தம் செய்தோம். விளக்கைப் புளியிட்டுத் துலக்கி வைத்தேன். ஆனால் ஏற்றவில்லை. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, உறவுக்காரப் பெரியவர் ஒருவர் சொன்ன சொல். “கணவனை இழந்தவர் புழங்கிய விளக்கு, நல்லது நடக்கும் வீட்டில் அதை வைக்காதே” என்றார். இரண்டாவது காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இறைவன் மீது கோபம். ஆயுள் முழுவதும் விளக்கேற்றிய ஒருத்தியைக் கடைசி நாள்களில் அவ்வளவு வேதனைப்பட வைத்தவனுக்கு நான் ஏன் விளக்கேற்ற வேண்டும் என்ற கோபம்.

திலகவதியார் காட்டிய வழி

இந்த இரண்டுக்கும் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விடை வைத்திருக்கிறார். திருவாமூரில் புகழனார், மாதினியார் என்னும் பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தனர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர் விடத் துணிந்த அம்மையார், தம்பி அழுது வேண்டியதால் அவருக்காகவே உயிர் தாங்கினார். தம்பியோ பொருளின் நிலையாமையை எண்ணி அறச்சாலைகளையும் தண்ணீர்ப் பந்தர்களையும் அமைத்தார். பின்னர் வேறு சமயம் சார்ந்து அக்காவைப் பிரிந்து போனார்.

திலகவதியார் என்ன செய்தார்? திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து திருத்தொண்டு செய்துவந்தார். சூலை நோயால் துடித்துத் தம்பி திரும்பி வந்தபோது, ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். அந்தத் திருநீற்றை அணிந்து அக்காவின் பின்னே விடியற்காலையில் ஆலயம் புகுந்தவரே நம் திருநாவுக்கரசர்.

எண்ணிப் பாருங்கள். தந்தை, தாய், மணாளனாக வரவிருந்தவர் ஆகிய மூவரையும் இழந்த ஒரு பெண்ணின் கை அது. அந்தக் கையிலிருந்து பெற்ற திருநீறு நாவுக்கரசரை நமக்குத் தந்தது. அப்படியிருக்க, என் தாயாரின் கை பட்ட விளக்கில் என்ன குறை இருக்க முடியும்? மனிதருக்கு இழப்பு உண்டு. ஒளிக்கு ஏது கைம்மை?

கோபத்திற்கும் ஒரு விளக்கு

முதல் தயக்கம் இவ்வாறு நீங்கியது. இரண்டாவதை நீக்கியது என் தாயாரின் பழைய சொல் ஒன்று. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தந்தையார் மறைந்தார். கருமாதி முடிந்த மறுநாள் விடியலில் அம்மா வழக்கம்போல் விளக்கேற்றினார். பக்கத்து லயத்து அம்மாள் ஒருவர், “சாமி மேல ஒனக்குக் கோவமே இல்லியா?” என்று கேட்டார். “இருக்கு. கோவமா இருந்தா இருந்துட்டுப் போறேன். அதுக்காக வீடு இருட்டாக் கெடக்கணுமா?” என்றார் அம்மா.

இந்தச் சொல் நினைவுக்கு வந்த அன்று மாலையே விளக்கை ஏற்றினேன். எந்த அற்புதமும் நிகழவில்லை. அழுகைதான் வந்தது. ஆனால் ஒன்று புரிந்தது. அம்மாவின் பக்தி துன்பம் அறியாதவரின் பக்தி இல்லை; துன்பத்திற்கு நடுவிலும் கைவிடாத பக்தி. இறைவனிடம் கோபித்துக் கொள்ளலாம். அவன் முன்னிலையிலேயே கோபித்துக் கொள்ளலாம். நினைவுப் பொருளின் மூலம் அவர் எனக்குத் தந்துசென்ற பாடம் இதுவே.

நாம் செய்யக்கூடியவை

நினைவுப் பொருளைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது துயரத்தை மட்டுமே நினைவூட்டும். பெற்றோர் அதைக் கொண்டு செய்த நற்செயலை நாமும் தொடர்ந்தால்தான் அது ஆறுதல் தரும். விளக்கானால் ஏற்றுங்கள், திருமுறைப் புத்தகமானால் நாளுக்கு ஒரு பதிகமாவது ஓதுங்கள், மாலையானால் அதைக் கையிலேந்தி ஐந்தெழுத்தைச் செபியுங்கள்.

அப்பொருளுக்காக உடன்பிறந்தாரிடையே மனத்தாங்கல் வேண்டாம். இந்த விளக்கை என் தமக்கையாரும் விரும்பினார். நான் விட்டுக்கொடுக்க மறுத்ததால் சில மாதங்கள் எங்களுக்குள் பேச்சே இல்லை. அம்மா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கண்டித்திருப்பார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் திதியன்று அனைவரும் கூடுகிறோம். அன்று விளக்கேற்றுபவர் தமக்கையாரே.

வள்ளுவப் பெருந்தகை இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரைச் சொல்லும்போது, மறைந்த முன்னோரைத் தெய்வத்துக்கும் முன்னே வைத்தார். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அவர்களை நினைந்து வழிபடுவதோடு, மருள்நீக்கியார் செய்ததுபோல் அவர்கள் பெயரால் அறமும் செய்வோம். ஒரு வேளை அன்னதானமோ, ஓர் ஏழை மாணவனின் பள்ளிச் செலவோ, ஆலய விளக்குக்கு எண்ணெயோ நம் சக்திக்கு இயன்றது போதும்.

அந்த லயங்கள் இன்று இல்லை. அவை இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அங்கே விடியுமுன் எரிந்த விளக்கு மட்டும் இன்றும் எங்கள் வீட்டில் எரிகிறது. இப்போது அதற்குத் திரி போடுகிறவள் என் பேத்தி.

திருச்சிற்றம்பலம்