சனிக்கிழமை போட்ட தபால்

கேள்வி: எங்கள் கிராமத்தில் கிளை அஞ்சலகம் மட்டும்தான். மகளின் வேலை விண்ணப்பத்தைச் சனிக்கிழமை மாலை அங்குள்ள தபால் பெட்டியில் போட்டேன். திங்கள் கடைசி நாள். சென்னைக்குப் புதன்கிழமைதான் போய்ச் சேர்ந்தது, நிராகரித்துவிட்டார்கள். சனி, ஞாயிறில் தபால் ஓடாதா ஐயா?
— ஒரு தந்தை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: பிள்ளையின் வாய்ப்பு இப்படிக் கைநழுவியது எனக்கும் வேதனையாக இருக்கிறது. சனிக்கிழமை அஞ்சலகத்துக்கு வேலை நாள்தான், பட்டுவாடாவும் உண்டு. ஞாயிறன்றுதான் சாதாரணத் தபாலுக்குப் பட்டுவாடா கிடையாது. உங்கள் கடிதம் தங்கிப்போனது பெட்டிக்குள்ளேயே.

கிளை அஞ்சலகம் நாளொன்றுக்கு 4 அல்லது 5 மணி நேரமே இயங்கும். அதற்குள் பெட்டியைத் திறந்து, கடிதங்களுக்குத் தேதி முத்திரை குத்தி, பையைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். பை கட்டிய பிறகு விழும் உறை அடுத்த வேலை நாள்வரை அப்படியே கிடக்கும். சனி மாலை போட்டது திங்களன்றுதான் வெளியே வந்திருக்கும். துணை அஞ்சலகம், ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) பிரிப்பகம் என்று கடந்து சென்னை சேரப் புதன் ஆனதில் வியப்பில்லை.

வாங்குகிற இடத்தையும் பாருங்கள். தபால்காரர் சனிக்கிழமை போனாலும் தமிழக அரசு அலுவலகங்கள் பலவும் அன்று பூட்டியிருக்கும். வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. ஆக, திங்கள் கடைசி நாள் என்றால் உங்கள் உறை அங்கே போய்ச் சேர வெள்ளிதான் கடைசி நாள்.

இனி முக்கியமான உறையைப் பெட்டியில் போடாதீர்கள். துணை அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட்டாகக் கொடுங்கள். பதிவுத் தபாலும் 2025இல் அதனுடன் இணைந்துவிட்டது. பை எத்தனை மணிக்குக் கட்டுவார்கள் என்று கேட்டு, அதற்கு முன்பே கொடுங்கள். ரசீதிலுள்ள 13 இலக்க எண்ணை வைத்து உறை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மிக அவசரமென்றால், பெரிய ரயில் சந்திப்புகளில் உள்ள சில ஆர்.எம்.எஸ். கவுன்ட்டர்களில் மற்ற அஞ்சலகங்கள் மூடிய பிறகும் ஸ்பீடு போஸ்ட் வாங்குவார்கள்.

அறிவிப்பில் ‘அனுப்ப வேண்டிய கடைசி நாள்’ என்றிருந்தால் ரசீதின் தேதி உங்களுக்குச் சாட்சி. ‘வந்து சேர வேண்டிய நாள்’ என்றிருந்தால் அந்த ரசீது உதவாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இந்த வரியை முதலில் படியுங்கள். திங்கள் கெடு என்றால் முந்தைய செவ்வாய்க்கிழமை காலையே மகளை அஞ்சலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.