அன்னபேதியும் ஒரு டம்ளர் சாயாவும்

வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாள். எட்டாம் வகுப்பில் பெயர் வாசித்து ஒவ்வொருவர் கையிலும் நீல மாத்திரையை வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு மாணவி அதை வாயில் போடாமல் தாளில் மடித்துப் பைக்குள் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "இங்க போட்டா கொமட்டுது டீச்சர். வீட்டுல போயி சாயாகூட போட்டுக்கிடுதேன். சாயா குடிச்சா ஒண்ணுஞ் செய்யாது" என்றாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தாங்களும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள்.

அன்றுவரை பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'விழுங்கினார்' என்று குறி போட்டுக் கையெழுத்தும் இட்டவள் நான்தான். மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சாயாவோடு போன மாத்திரையில் எவ்வளவு இரத்தத்தில் சேர்ந்திருக்கும்? நான் அறிவியல் ஆசிரியை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த வாரமே 'நாம் குடிக்கும் தேநீர்' என்று ஒரு சிறு செயல்திட்டத்தைத் தொடங்கினோம். மூன்று பாடவேளைகளில் முடிக்க நினைத்தேன், ஏழு ஆயின. கணக்கும் சமூக அறிவியலும் தாமாகவே உள்ளே நுழைந்துவிட்டன.

முதல் வேலை கணக்கெடுப்பு. 'உனக்குப் பிடித்த டீ எது?' என்று தொடங்கினால் வகுப்பு கலகலப்பாகிவிடும். எங்கள் கொட்டாரம் பகுதியில் டீ, சாயா இரண்டு சொல்லும் புழங்கும். மேற்கே விளவங்கோடு பக்கத்து உறவுக்காரர்கள் உள்ள பிள்ளைகள் 'கட்டன் சாயா' என்பார்கள், மற்றவர்கள் 'கட்டன் டீ' அல்லது 'வரட் டீ' என்பார்கள். பால் சாயா, இஞ்சி தட்டிப் போட்டது, ஏலக்காய் போட்டது, எலுமிச்சை பிழிந்தது, கருப்பட்டி போட்டது எனப் பட்டியல் நீண்டது. சுக்குக் காப்பியையும் ஒருவன் சேர்க்கச் சொன்னான். அதில் தேயிலையும் இல்லை, காப்பிக்கொட்டை சேர்க்காத வீடுகளும் உண்டு. அதை எந்த வரிசையில் வைப்பது என்ற விவாதமே வகைப்படுத்துதல் பற்றிய நல்ல பாடமாக அமைந்தது. பச்சைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை மூன்றும் 'கமேலியா சினென்சிஸ்' என்ற ஒரே செடியின் இலைதான், பறித்தபின் பதப்படுத்தும் முறைதான் வேறு என்று சொன்னபோது பலர் நம்பவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. எந்தெந்த நேரத்தில் குடிக்கிறார்கள், கூடவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால்தான் இந்தக் கணக்கெடுப்புக்குப் பயன் உண்டு. அதை வாய்மொழியாகக் கேட்காதீர்கள். நான் முதலில் அந்தத் தவறைச் செய்தேன். நாலைந்து பேர் இட்லி, தோசை என்று சொன்னதும், அடுத்து எழுந்தவர்கள் எல்லாருமே இட்லி, தோசை என்றார்கள். மறுநாள் பெயர் எழுதாத துண்டுத் தாளில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். 'காலையில் சாயா மட்டும்' என்ற தாள்கள் அப்போதுதான் வந்தன. ஒரு தாளில் 'சாயா குடிச்சா பசிக்காது' என்று எழுதியிருந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அந்தச் சூடான உப்புமாவும் பொங்கலும் நின்றுபோகின்றன, பசி நிற்பதில்லை. அந்த இடத்தில் பல வீடுகளில் ஒரு டம்ளர் சாயா வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது அளவு. வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி அளவுசாடியால் நீர் ஊற்றி அளந்தோம். 'ஒரு டம்ளர்' என்பது எந்த இரண்டு வீட்டிலும் ஒன்றாக இல்லை. கடைக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றையும் அளந்தோம், நுரை நீங்கலாக 90 மி.லி. இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி 150 மி.லி. தேநீரில் 30 முதல் 65 மி.கி. காஃபின் இருக்கும், ஒரு நாளைக்கு 300 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அப்படியானால் 90 மி.லி. கிளாஸில் 18 முதல் 39 மி.கி. கட்டட வேலைக்குப் போகும் அப்பா நாளுக்கு ஆறு கிளாஸ் குடித்தால்? 108 முதல் 234 வரை. விகிதக் கணக்கு, வீச்சு இரண்டும் ஒரே கேள்வியில் வந்துவிட்டன. 'அப்போ எங்கப்பா பாஸ்' என்றான் ஒருவன். அந்த வரம்பு பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு அல்ல என்பதை உடனே சொல்லிவிட வேண்டும்.

இனி சோதனை. நம் ஆய்வகங்களில் ஃபெரஸ் சல்பேட் குப்பி எங்காவது ஒரு மூலையில் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் இதன் பெயர் அன்னபேதி. 100 மி.லி. நீரில் ஒரு தேக்கரண்டி தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். ஒரு சிட்டிகை அன்னபேதியை அரைச் சோதனைக்குழாய் நீரில் கரையுங்கள். இரண்டையும் கலந்தால் செம்பழுப்புச் சாறு கண்முன்னே கருநீலமாக மாறும். குப்பியிலிருக்கும் உப்பு பழையதாகி மஞ்சள் பூத்திருந்தால் கவலை வேண்டாம். காற்றில் பட்டு ஃபெரிக் நிலைக்கு மாறிய இரும்பு இன்னும் விரைவாகக் கறுக்கும். பொருள் பழையதானால் சோதனை நன்றாக வரும் என்பது நம் ஆய்வகங்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கும் சலுகை. ஒப்பிடுவதற்கு வெறும் நீர், பால் சேர்த்த தேநீர், காப்பி, புதினா கொதித்த நீர் ஆகியவற்றையும் தனித்தனிக் குழாய்களில் வையுங்கள். எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதைத் தொடங்குமுன் இரண்டு முறை சொல்லுங்கள். தேநீர் என்றதும் ருசி பார்க்கக் கை போகும்.

தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்புடன் சேர்ந்து கரையாத கருமையான கூட்டுப்பொருளாவதுதான் இந்த நிறமாற்றம். நம் முன்னோருக்கு இது புதிதல்ல. கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்கள். ஐரோப்பாவில் ஓக் மரத்தின் கரணைகளைக் கொண்டு பல நூற்றாண்டுகள் இதே மையைச் செய்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஈர்க்குச்சியை அந்தச் சாயா மையில் தோய்த்துத் தங்கள் பெயரை எழுதினார்கள். மறுநாள் எழுத்து இன்னும் கறுத்திருந்தது. காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவதை இதைவிடத் தெளிவாக நான் இதுவரை காட்டியதில்லை.

எலுமிச்சைச் சாறு விட்டதும் கருமை வெளுத்தது. அங்கேதான் ஒரு பையன் மடக்கினான்: "வயித்துலயும் ஆசிட் இருக்குல்லா டீச்சர்? அப்போ அங்கயும் வெளுத்துரும்லா?" நல்ல கேள்வி. இரைப்பையின் அமிலத்தில் அந்தப் பிணைப்பு தளரக்கூடும். ஆனால் இரும்பு உறிஞ்சப்படும் இடம் அதற்கு அடுத்த முன்சிறுகுடல். அங்கே அமிலத்தன்மை குறைந்துவிடுவதால் மறுபடியும் பிணைந்துகொள்ளும். இருந்தாலும் சோதனைக்குழாய் வேறு, வயிறு வேறு. குழாயில் கறுத்தது என்பதை வைத்து உடலில் இப்படித்தான் நடக்கும் என்று முடிவு சொல்லக் கூடாது, மனிதர்களிடம் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி, அளந்து பார்த்தவர்களின் முடிவுகளைக் கரும்பலகையில் எழுதினேன்.

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வில், அரிசிச் சோற்றையும் உருளைக்கிழங்கு வெங்காயச் சூப்பையும் உண்டவர்கள் கூடவே தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது குறைந்தது. நம் சாப்பாட்டுக்கு ரொம்பத் தூரமில்லாத சாப்பாடு. வைட்டமின் சி இருந்தபோதும் அந்தத் தடை முழுவதும் நீங்கவில்லை. ஆகவே எலுமிச்சைச் சாயா குடித்தால் தப்பித்துவிடலாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், ரொட்டி உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. புதினாத் தேநீரிலும் 84 சதவீதம் குறைந்தது. பால் சேர்ப்பதால் பெரிய வேறுபாடு இல்லை. 'மூலிகை டீ' என்று பெயர் வைத்துவிட்டால் விதிவிலக்கு கிடைத்துவிடாது. 2017இல் பிரிட்டனில் பெண்களிடம் நடத்திய ஆய்வு நமக்குத் தேவையான வழியைக் காட்டுகிறது: சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டபோது தடை தளர்ந்தது. 2024 வழிகாட்டுதலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரையும் காப்பியையும் தவிர்க்கச் சொல்கிறது.

இறைச்சி, மீனில் உள்ள ஹீம் இரும்பை இந்தத் தடை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கீரை, பயறு, கேழ்வரகு, மாத்திரை ஆகியவற்றிலுள்ள இரும்பைத்தான் பாதிக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இரும்பில் பெரும்பங்கு இவைதான். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொள்ளும் பெண்பிள்ளையைச் சோம்பேறி என்று நினைக்குமுன் இந்த எண் நினைவுக்கு வர வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கான நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 5 முதல் 9 வயதினருக்கான இளஞ்சிவப்பு மாத்திரையில் 45 மி.கி. இரும்பு. அரசு செலவு செய்து கொடுக்கும் அந்த மில்லிகிராம்கள் ஒரு டம்ளர் சாயாவில் வீணாகலாம்.

சரி, சாயாவை நிறுத்தச் சொல்ல வேண்டுமா? நான் சொல்லவில்லை. நானே பதினொரு மணிக்கு ஒரு கிளாஸ் இல்லாமல் நாலாவது பாடவேளையைத் தாண்ட முடியாதவள். இந்தப் பழக்கம் நம்மிடம் எப்படி வந்தது என்று சமூக அறிவியல் ஆசிரியர் வந்து ஒரு பாடவேளை பேசினார். 1903இல் ஆங்கிலேய அரசு தேயிலை ஏற்றுமதிக்கு வரி போட்டு, அந்தப் பணத்திலேயே தேநீர் விளம்பரத்தை நடத்தியது. 1930களில் அசாமில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் வந்தது. சிறு துகளில் சாறு விரைவாக இறங்கும், கொஞ்சம் தூளில் நிறையக் கிளாஸ் தேறும். கடை சாயா ஏழைக்கும் எட்டியதற்கு அந்த இயந்திரம் ஒரு காரணம். இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடிகளைத் துரு நோய் அழித்தபின் அந்த மலைகள் தேயிலைக்கு மாறின, அங்கே உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். 1964 ஒப்பந்தத்தால் திரும்பி வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ. நம் அசம்பு மலையிலும் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். இப்போது அங்கே ரப்பரும் கிராம்பும். "அப்போ பசிய மறக்க நமக்குப் பழக்கிவிட்டாங்களா சார்?" என்று ஒரு மாணவி அவரைக் கேட்டாளாம். அவர் பதில் சொல்லவில்லை, எல்லாரையும் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார். அந்தப் பக்கங்களை நான் வாங்கிப் படித்தேன், நம் மொழித்தேர்வுக் கட்டுரைகளைவிட நன்றாக இருந்தன.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு: எண்ணும் எழுத்தும் வகுப்பில் இதையே சுருக்கிக் கொள்ளலாம். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுவதற்கும் பெரிய டம்ளர், சின்ன டம்ளர் ஒப்பிடுவதற்கும் தேநீர் நல்ல பொருள். அன்னபேதிச் சோதனையை மட்டும் ஆசிரியரே செய்து காட்டுவது நல்லது.

எங்கள் வகுப்பில் இப்போது மாத்திரை சத்துணவு முடிந்தபின், என் கண்முன்னே, தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போடாததால் குமட்டல் புகார் குறைந்திருக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்துப் பயந்தே மாத்திரையை எறிந்த பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கறுத்த சோதனைக்குழாயைக் காட்டினோம். மாணவியின் அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாப்பிட்ட ஒடனே ஒரு சாயா குடிக்காம எனக்குக் கை ஓடாது டீச்சர்" என்றார். அவரும் இரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சோறு ஒரு மணிக்கு என்றால் சாயாவை இரண்டரைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யோசித்து, "மூணு மணிக்கு ஆடு அவுக்கப் போவேன், அதுக்கு முன்னால குடிக்கேன்" என்றார்.

காலையில் சாயாவோடு மட்டும் வருகிறவர்களுக்கு எங்களால் முடிந்தது சிறிது. சத்துணவில் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் வரும் நாள்களில் அவர்கள் விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்கிறோம். முட்டையை வேண்டாம் என்று ஒதுக்குபவர்களிடம் பேசுகிறோம். துண்டுத் தாள்களைத் தலைமை ஆசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைத்திருக்கிறார்.

சோதனை செய்ய இருப்பவர்களுக்கு இன்னொன்று. சாயா மை சீருடையில் பட்டால் சோப்புக்குப் போகாது. காயுமுன் எலுமிச்சைச் சாறு தேய்த்து அலசச் சொல்லுங்கள். நாங்கள் இதை இரண்டு சட்டைகளுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.