பின்னொட்டும் வளைநாவும்

நுழையும்முன்

காலம், பால், எண் ஆகியவற்றைத் தமிழ்ச்சொல் பெரும்பாலும் தன் பிற்பகுதியில் காட்டுகிறது. பகுதியை அடுத்துவரும் இடைநிலையையும் விகுதியையும் மொழியியலார் பின்னொட்டு என்பர். ஓர் ஒலியின் சிறு வளைவு பின்னொட்டின் வடிவை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பெயரில் ஒரு வளைவு

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊர் அழிந்தும் பெயர் நிலைத்தது. அப்பெயரை ஒலிக்கையில் நா இருமுறை வளைகிறது. ‘ஷ்’ என்பதில் ஒருமுறை, ‘டி’ என்பதில் மறுமுறை. ‘தனுஸ்’ என்னும் வடசொல் வில்லைக் குறிக்கும். ‘கோடி’ அதன் முனை. இரண்டும் இணையும்போது, முன்நிற்கும் உகரத்தின் சார்பால் ஸகரம் ஷகரமாக வளைந்தது.

வளைநா ஒலிகள்

நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைப் பொருந்தியோ வருடியோ பிறப்பவை வளைநா ஒலிகள். நாமடி ஒலிகள் என்றும் கூறுவர். தமிழில் ட், ண், ள், ழ் ஆகியவை இவ்வகையின. இவற்றின் பிறப்பிடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியம் பிறப்பியலில் வரையறுத்துள்ளது.

பகுதி வளைக்கும் பின்னொட்டு

செய் + த் + ஆன் = செய்தான்
உண் + ட் + ஆன் = உண்டான்

இரண்டும் இறந்தகாலமே. ‘உண்’ என்பதன் ணகரத்திற்காக வளைந்த நா, அவ்வளைவிலேயே அடுத்த ஒலியையும் பிறப்பிப்பதால் தகரம் டகரமாகிறது. ‘கொள்’ கொண்டான் எனவும் ‘கேள்’ கேட்டான் எனவும் வருவதும் இவ்வாறே. நன்னூலார் த், ட், ற், இன் என இறந்தகால இடைநிலைகளைத் தனித்தனியே கூறினார். ஒன்றன்பால் விகுதிகளாகிய து, று, டு ஆகியவற்றிலும் இம்மாற்றத்தைக் காணலாம். குறுந்தாள் என்பதோடு சேர்ந்த விகுதி, குறுந்தாட்டு என டுகரமாக நிற்கிறது.

சீனத்தில் மறுதலை

பெய்ஜிங் வட்டாரச் சீனமொழியில் இதற்கு நேர்மாறான நிகழ்வு உண்டு. குழந்தை எனப் பொருள்படும் ‘அர்’ என்னும் சொல் அங்குப் பின்னொட்டாகித் தன் அசைத்தன்மையை இழந்தது. பூவைக் குறிக்கும் ‘ஹுவா’ அதனோடு சேர்ந்து ‘ஹுவார்’ என ஓரசையாகவே ஒலிக்கிறது. சிறுமையும் அன்பும் அவ்வொட்டின் பொருள்களுள் அடங்கும். அங்குப் பின்னொட்டு பகுதியை வளைக்கிறது. தமிழில் பகுதி பின்னொட்டை வளைக்கிறது.

பேச்சில் மறையும் ளகரம்

பேச்சுத்தமிழில் ‘வந்தாள்’ என்பது ‘வந்தா’ என நிற்கும். எனினும் வினா ஆகாரம் சேர்ந்தால் ‘வந்தாளா’ என ளகரம் மீள்கிறது. எனவே அது அழியவில்லை, மறைந்தே இருக்கிறது. தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பதும் பிழையன்று. வட்டார வழக்கின் இயல்பே. ஆயினும் எழுத்தில் வேறுபாடு காக்கப்பட வேண்டும். கடற்கரையில் வாளை என்பது மீன். வாழை என்பது மரம். வீசுவது வலை, நண்டு புகுவது வளை.

பாக் நீரிணைக்கு அப்பால், சிங்களப் பேச்சில் ந-ண, ல-ள ஒலிவேறுபாடுகள் மறைந்து எழுத்தில் மட்டும் எஞ்சியுள்ளன. அங்கு மாணவர் அவற்றைச் செவியால் அறிய இயலாது. நினைவில் கொண்டே எழுத வேண்டும். தமிழில் இவ்வேறுபாடு இன்றும் நாவில் வாழ்கிறது. அதனைத் தெளிவுற ஒலித்துக் காப்பது அம்மொழியைப் பேசுவோர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. ஆண்டான், கண்டான், கொண்டான் ஆகியவற்றிற்குப் பகுபத உறுப்பிலக்கணம் எழுதுக.
2. ளகர ஈறு பேச்சில் மறைந்தும் உயிரெழுத்தின் முன் மீண்டும் வரும் ஐந்து சொற்களை உம் ஊர்ப் பேச்சிலிருந்து தொகுக்க.
3. ல, ள, ழ வேறுபாட்டால் பொருள் மாறும் சொற்களைப் பட்டியலிட்டு வகுப்பில் ஒலித்துக் காட்டுக.